பெயர் மறைத்த கூட்டமும் தேடி வந்தவரும்: குடிநோய் மீட்புக் கூட்டங்களைக் கண்டடைந்த வரலாறு

முன்னுரை

இந்தியாவில் மது பற்றிய வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் சட்டத்தையும் அரசு வருவாயையும் கட்சிகளின் நிலைப்பாடுகளையும் சுற்றியே அமைந்துள்ளன. மதுவிலக்கு எப்போது வந்தது, எப்போது தளர்ந்தது, யார் கொணர்ந்தார், யார் நீக்கினார் என்பனவே அவற்றின் வினாக்கள். குடியை விட்டுவிட வேண்டும் என்று ஒரு காலைப்பொழுதில் எண்ணிய மனிதர், அவ்வெண்ணம் மாலைக்குள் கரைந்துபோவதற்கு முன், தம்மைப் போன்ற பிறர் கூடும் இடத்தை எங்ஙனம் கண்டடைந்தார் என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுகிறது. சிறு வினாவாகத் தோன்றினும் பலரது வாழ்வும் சாவும் இதனைச் சார்ந்தே நின்றன.

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ எனப்படும் இயக்கம் (ஏ.ஏ. என்பது அதன் சுருக்கப்பெயர்) உறுப்பினர் பெயரை ஊடகங்களில் வெளியிடுவதில்லை; விளம்பரத்தால் ஆள் சேர்ப்பதில்லை; கட்டணம் பெறுவதில்லை; வெளியார் நன்கொடையை ஏற்பதுமில்லை. தன்னை மறைத்துக்கொள்ளும் இக்கூட்டம், தேடி வருவோர்க்கு மட்டும் புலப்பட்டாக வேண்டும். இம்முரணை அவ்வியக்கம் கையாண்ட முறையையும், அம்முறை இந்தியச் சூழலில் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தேடியவரைக் கூட்டத்திடம் கொண்டு சேர்த்தது முகவரியன்று, இடையில் நின்ற ஒரு மனிதரே என்பது இதன் கருதுகோள்.

பால்டிமோரின் முன்னிகழ்வு

குடிப்பவர்கள் தாமே கூடித் தம்மை மீட்டுக்கொள்ளும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் தோன்றியதன்று. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மதுக்கடையில் கூடிக் குடித்துவந்த அறுவர், இனிக் குடிப்பதில்லை என உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரால் இவர்கள் தொடங்கிய சங்கம் சில ஆண்டுகளுக்குள் அந்நாடெங்கும் பரவியது. இச்சங்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. ஊர்வலங்களும் பொதுமேடைகளும் அதன் இயல்பாயின. மேடையேறித் தம் சீரழிவை விரித்துரைத்தவர்கள் புகழ்பெற்ற சொற்பொழிவாளர்களாயினர்.

புகழே இடராகவும் முடிந்தது. அவர்களுள் பெயர்பெற்ற ஜான் கஃப் 1845இல் நியூயார்க்கில் மீண்டும் குடித்தபோது அச்செய்தி நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்பட்டது. ஒருவரது வீழ்ச்சி இயக்கத்தின் வீழ்ச்சியாகவே படிக்கப்பட்டது. மதுவிலக்கு அரசியலும் உட்புகவே, 1840களின் இறுதிக்குள் சங்கம் ஏறத்தாழ மறைந்தது. ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின் ஏ.ஏ. தன் மரபுகளை வகுத்தபோது இந்நிகழ்வை எச்சரிக்கையாகக் கொண்டது; 1953இல் வெளிவந்த அவ்வியக்கத்தின் மரபு விளக்க நூலில் இச்சங்கத்தின் கதை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

அக்ரன்: ஒரு தொலைபேசியும் பத்துப் பெயர்களும்

இன்று கூட்டத்தைத் தேடுவோர் செய்யும் செயலின் முதல் வடிவம், கூட்டம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை. நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த வில்லியம் வில்சன் 1934 டிசம்பரில் மருத்துவமனையொன்றில் சேர்ந்து குடியை நிறுத்தினார். அடுத்த ஐந்து மாதங்கள் பிற குடிகாரர்களைத் தேடிச்சென்று தம் ஆன்மிக அனுபவத்தை எடுத்துரைத்தார். கேட்டவர் எவரும் திருந்தவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த வில்லியம் சில்க்வொர்த், உபதேசத்தைக் குறைத்து, இது உடலையும் மனத்தையும் பற்றிய நோய் என்பதை முதலில் சொல்லுமாறு அறிவுறுத்தினார்.

1935 மே மாதம் வணிகப் போட்டியொன்றின் பொருட்டு ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்கு வில்சன் சென்றார். முயற்சி தோற்றது. மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றபோது ஒருபுறம் மதுக்கூடம். மறுபுறம் தொலைபேசியும் அதனருகே நகரத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். அவர் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தெரிந்து வால்டர் டங்க்ஸ் என்னும் குருவை அழைத்தார். தமக்குப் பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்பதே அவர் கேட்டது. குரு பத்துப் பெயர்களைத் தந்தார். அவற்றின் வழியே ஹென்றியேட்டா சைபர்லிங் என்னும் அம்மையார் கிடைத்தார். மறுநாள் மே 12 அன்று, அன்னையர் நாளில், அவர் இல்லத்தில் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தை வில்சன் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித் ஆறு மணி நேரத்திற்கும் மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் இறுதியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 இயக்கத்தின் தோற்ற நாளாயிற்று.

இந்நிகழ்வு பன்முறை சொல்லப்பட்டதே. எனினும் உதவி தேவைப்பட்டவரே உதவி செய்ய ஆள் தேடினார் என்பது போதிய அழுத்தம் பெறவில்லை. தேடியவருக்கும் தேடப்பட்டவருக்கும் இடையில் குடிப்பழக்கமற்ற இருவர், ஒரு குருவும் ஒரு பெண்ணும், நின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. இவ்விரு இடைநிலையாளரும் வெவ்வேறு வடிவில் பிற்காலத்திலும் தொடர்கின்றனர்.

ஈண்டுத் திருக்குறளின் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்து இறுதி இரு குறள்களை (929, 930) நினைவுகூரலாம். முன்னது, களித்திருப்பவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முனைவதன் வீண்மையை உவமையால் உணர்த்துகிறது. பின்னது, தான் குடியாதிருக்கும் வேளையில் களித்த மற்றொருவனைக் காணும் குடிப்பவனைப் பற்றியது. புறத்தார் அறிவுரை பயனற்றது என்ற கூற்றை அடுத்து, குடிப்பவர் ஒருவர் பிறிதொருவரைக் காணும் காட்சி வைக்கப்பட்டுள்ள முறை சிந்திக்கத்தக்கது. வில்சனின் ஐந்து மாதத் தோல்வியும் அக்ரன் சந்திப்பும் இதே வரிசையில் அமைகின்றன. ஆயினும் வேறுபாடு பெரிது. குறளில் காணப்படுபவன் களித்தவன். அவன் வழியே தன் இழிவு புலப்படுகிறது. அக்ரனில் காணப்பட்டவர் குடியை நிறுத்தியவர். அவர் வழியே புலப்பட்டது மீட்சி. இவ்வேறுபாட்டைக் கருதாது வள்ளுவரை இவ்வியக்கத்தின் முன்னோடி எனக் கொண்டாடுவது ஆய்வுக்கு அழகன்று.

கடிதங்கள் வந்து குவிந்த காலம்

தொடக்கத்தில் கூட்டங்கள் இல்லங்களில் நடைபெற்றன; ஒருவரை ஒருவர் அழைத்துவந்தனர். 1939 ஏப்ரலில், உறுப்பினர் ஏறத்தாழ நூற்றுவராக இருந்தபோது, இயக்கத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூல் வெளிவந்தது. நூலாசிரியர்கள் பெயரை மறைத்ததற்கு அதன் முன்னுரை கூறிய காரணம் எதிர்பாராதது. உதவி கேட்டு எழுதுவோர் பெருகினால் விடையளிக்கத் தாம் மிகச் சிலரே உள்ளோம் என்பதே அது. பெயர் மறைப்பை நாணத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அஞ்சியது நேர்ந்தது. 1939 அக்டோபரில் கிளீவ்லாந்து நகரின் ‘பிளெய்ன் டீலர்’ நாளிதழில் எல்ரிக் டேவிஸ் எழுதிய தொடர் வெளியானதும், இருபதளவில் இருந்த உறுப்பினர் சில மாதங்களில் நூற்றுக்கணக்கினராயினர். குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆனவர் புதியவருக்குத் துணையாக அனுப்பப்பட்டார். பின்னர் நிலைபெற்ற துணைவர் முறை இந்நெருக்கடியில் உரம் பெற்றதாகும். 1941 மார்ச் 1 அன்று ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வெளியானபின் நியூயார்க் அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. செயலர் ரூத் ஹாக் உள்ளிட்ட சிலர் அவற்றைப் பிரித்துப் படித்து விடையெழுதினர். அருகில் குழு இருந்தால் அக்குழுவுக்குக் கடிதம் அனுப்பப்படும். இல்லையெனில் நூலும் ஒரு மடலும் போகும். ஆண்டுத் தொடக்கத்தில் ஈராயிரமாக இருந்த உறுப்பினர் ஆண்டிறுதியில் எண்ணாயிரமாயினர்.

விளம்பரம் ஆட்களைக் கொணர்ந்தது. ஆனால் விளம்பரம் பெற்ற தனிமனிதர் இயக்கத்திற்கு இடராகலாம். 1940இல் கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர் ரோலி ஹெம்ஸ்லி தம் மீட்சிக்கு இவ்வியக்கமே காரணம் எனப் பெயருடன் அறிவித்தபோது நாளிதழ்கள் அதனைப் பரப்பின. அதன்பின் வில்சனும் சில காலம் தம் பெயரோடும் படத்தோடும் பேசினார். பின்னர் அதனைத் தாமே தவறெனக் கருதினார். 1946இல் இயக்க இதழில் வெளியாகி, 1950 ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகள் இப்பட்டறிவின் விளைவாகும். ஈர்ப்பினால் வருக, பரப்புரையால் அன்று என்பது பதினோராம் மரபின் சாரம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி என்கிறது மூன்றாம் மரபு. உறுப்பினர் விண்ணப்பமோ பதிவேடோ இதற்குத் தேவையில்லை. இருவர் மூவர் கூடினும் அது குழுவாகலாம்.

கூட்டப் பட்டியல் என்னும் ஆவணம்

இம்மரபுகளுக்குள் நின்று உருவான ஆவணமே கூட்டப் பட்டியல். கிழமை, நேரம், கட்டடம், தெரு, கூட்டத்தின் மொழி, எவரும் வரலாமா அல்லது குடியை விட விரும்புவோர் மட்டுமா என்னும் குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். மனிதர் பெயர் இராது. கல்வெட்டைப் படிப்பவர் கொடையாளி பெயரைத் தேடுவர்; இவ்வாவணத்தில் பெயரின்மையே செய்தி.

கூட்டங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவின் முற்பகுதியிலோ நடைபெறுகின்றன. பணி முடிந்தவர் மதுக்கடைக்குச் செல்லும் வேளையும் அதுவே. தேவாலயத்தின் பக்க அறை, பள்ளி வகுப்பறை, மருத்துவமனைக் கூடம் போன்றவற்றைக் குழுக்கள் சிறு வாடகைக்குப் பெறுகின்றன. இடவசதி கருதிய இவ்வேற்பாடு, இந்தியாவில் தேடி வருபவருக்குத் தயக்கத்தையும் தந்திருக்கக்கூடும். தேவாலய வளாகத்தில் நடப்பது வழிபாட்டுக் கூட்டமோ என ஐயுற்று வாயிலிலிருந்தே திரும்பியவர் எத்தனையர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. பன்னிரு படிகளில் வரும் கடவுட் கருத்தை ஏற்க இயலாதோருக்காக அமெரிக்காவில் 1980களிலும் 1990களிலும் சமயச்சார்பற்ற அமைப்புகள் தோன்றின. இந்தியாவில் அவற்றின் வீச்சு சிறிதே.

இந்தியா: தடையின் நடுவே ஒரு கூட்டம்

இந்தியாவில் இவ்வியக்கம் 1957இல் பம்பாயில் தொடங்கியது. அந்நகர் அப்போது 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் ஆளுகையில் இருந்தது. உரிமச்சீட்டின்றிக் குடிப்பது குற்றம். சட்டத்தின் பார்வையில் இருக்கவே கூடாத ஒருவர், தாம் இருக்கிறோம் என்று பிறர்முன் ஒப்புக்கொள்ளும் இடமே கூட்டம். அமெரிக்காவில் பெயர் மறைப்பு பணியையும் மானத்தையும் காத்தது. பம்பாயிலோ அது சட்டத்தினின்றும் காக்க வேண்டியிருந்தது எனலாம். 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் முழுமை பெற்ற சென்னை மாகாண மதுவிலக்கிற்கும் இந்நோக்கு பொருந்தும். மதுவிலக்கு ஆதரவாளர்கள் இக்கருத்தை ஏற்கத் தயங்கலாம். ஆயினும் குடிப்பவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் அவர் வெளிப்படையாக உதவி தேடும் வழியையும் அடைத்தது என்பதை மறுத்தல் அரிது.

1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் மீண்டது, பின்னர் மீண்டும் தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடைக்கு எண்ணும் பெயர்ப்பலகையும் உண்டு; ஊருக்குப் புதியவரும் வழி கேளாமல் சென்றடைவார். குடி குடியைக் கெடுக்கும் என்னும் எச்சரிக்கையும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். கூட்டத்திற்கு வழி கேட்டே ஆக வேண்டும். கேட்பதென்பது தன்னை வெளிப்படுத்துவதாகும்.

இந்த இடைவெளியை இந்தியாவில் பெரிதும் நிரப்பியது மருத்துவமனை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனமும், அருட்தந்தை ஜோ பெரைரா 1981இல் பம்பாயின் பாந்திராவில் தொடங்கிய கிருபா அறக்கட்டளையும், பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தின் போதை மீட்புப் பிரிவும் இவ்வகையில் சுட்டத்தக்கன. மருத்துவமனை வழி புதிதன்று; அக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1939 முதல் அருட்சகோதரி இக்னேஷியா குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார். எனினும் அங்கே பக்கவழியாக இருந்தது இங்கே முதன்மை வழியாயிற்று. நடுக்கம் தணிந்து, உடல் தேறி, வீடு திரும்பும் நாளில் கூட்ட விவரம் கையில் தரப்படுகிறது. படுக்கை கிடைத்தவருக்கே கூட்டமும் தெரிய வருகிறது என்பது இதன் குறை.

இன்னொரு வழிகாட்டி குடும்பத்துப் பெண். அக்ரனில் சைபர்லிங் நின்ற இடத்தில் இந்தியாவில் பெரும்பாலும் மனைவியோ தாயோ நிற்கிறார். முதலில் விசாரிப்பவரும் அவரே. மருத்துவமனை வாயிலில் காத்திருப்பவரும் அவரே. குடும்பத்தினர்க்கான ‘அல்-அனான்’ இயக்கம் 1951இல் அமெரிக்காவில் அமைப்பு வடிவம் பெற்றது. அதன் கூட்டங்கள் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. குடிப்பவரே பெண்ணாயின் நிலைமை வேறு. 2019இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வறிக்கை ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகக் கணக்கிட்டது. இவ்விகிதம் கூட்ட அறையிலும் தெரியும். ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் தனியே நுழைந்து தன்னைக் குடிநோயாளி எனச் சொல்ல வேண்டியுள்ளது. விசாரிக்க அவர்பொருட்டு வாயிலில் நிற்பவர் யார் என்பதும் வினாவே.

அதே அறிக்கையின்படி மதுவால் கேடுற்று உதவி தேவைப்படும் நிலையில் இருந்தோர் 5.7 கோடிக்கும் மேல். மதுவைச் சார்ந்தே வாழும் நிலையடைந்தோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீட்புக் கூட்டங்களால் பயனில்லை என்பது இதற்குக் காரணமாகாது. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, முறையாக ஏ.ஏ. கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சைகள் முழுமையாகக் குடியைத் துறந்திருக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளினும் மேம்பட்டவை எனக் கண்டது. அம்மதிப்பாய்வில் பயன் தந்ததாகக் காணப்பட்டது கூட்டம் மட்டுமன்று, கூட்டத்திற்கு ஒருவரைக் கொண்டுசெல்லும் முறையும் சேர்ந்ததே.

‘குடிகாரர்’ என்னும் சொல்லும் ‘குடிநோயாளி’ என்னும் சொல்லும்

கூட்டத்தைக் கண்டடைந்தபின் அங்கே தன்னை அறிமுகம் செய்துகொள்ள ஒரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் அது மருத்துவச் சொல்லாகவும் வழக்குச் சொல்லாகவும் ஒருங்கே நிற்கிறது. தமிழில் முதலில் நாவில் எழுவது ‘குடிகாரன்’. பால்காரன், கடைக்காரன் என்பனபோலத் தொழிலையோ உடைமையையோ குறிக்கும் ‘-காரன்’ விகுதி ஈண்டு இயல்பையே குறிக்கிறது. குடிப்பதே அவன் தொழில் என்னும் ஏளனமும் அதில் தொனிக்கிறது. பிறர் வைதழைத்த அச்சொல்லை ஒருவர் தாமே ஏற்றுச் சொல்வது எளிதன்று. நோயாளி என்பதை அடியொற்றி அமைந்த ‘குடிநோயாளி’ மீட்பு மையங்களின் வழியும் குழுக்களின் வழியும் பரவியது. குடியடிமை நிலையை நோயாக அமெரிக்க மருத்துவக் கழகம் 1956இல் ஏற்றுக்கொண்டது. அக்கருத்து தமிழில் இச்சொல்லாக்கத்தின் வழியே கால்கொண்டது. ‘குடி’ என்பது குலத்தையும் குடும்பத்தையும் குறிக்கும் சொல்லாகவும் இருப்பதால், எச்சரிக்கைத் தொடரில் சிலேடையாக நின்ற அது, கூட்டத்தில் பேசுவோர் வாயில் சிலேடையின்றியே இரு பொருளும் தருகிறது.

ஊருக்கு வந்த கூட்டமும் திரைக்கு வந்த கூட்டமும்

தேடுபவர் வர இயலாதபோது கூட்டமே செல்லுதல் மற்றொரு வழி. காவிரிப் படுகைச் சிற்றூரான மஞ்சக்குடியில் சென்னை நிறுவனம் 1989 முதல் நடத்திய சிகிச்சை முகாம் இதற்குச் சான்று. நகரின் மருத்துவமனைக்கு வாராத உழைப்பாளர்க்கு அவர்தம் ஊர்ச்சூழலிலேயே சிகிச்சை தரப்பட்டது. ஊர்ப் பெரியோரும் முன்னர் மீண்டோரும் புதியவரை அழைத்துவரும் பொறுப்பேற்றனர். பெயர் மறைப்பு இங்கே பொருளற்றதாகிறது. சிற்றூரில் யார் குடிப்பார் என்பதை அறியாதார் இலர். வேண்டியது மறைவன்று, மீண்டவரை ஊர் மீண்டும் ஏற்றுக்கொள்ளுதலே.

2020 மார்ச்சில் நாடு தழுவிய ஊரடங்கு வந்தபோது மதுக்கடைகளும் மூடப்பட்டன. கூட்ட அறைகளும் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் கடைகள் மே 7 அன்று திறந்தன. உயர்நீதிமன்ற ஆணையால் மூடின. உச்சநீதிமன்றத் தடையாணைக்குப்பின் மே 16 அன்று மீண்டும் திறந்தன. அறைகள் திறக்க நெடுநாளாயிற்று. இதற்கிடையில் கூட்டங்கள் தொலைபேசிக்கும் கணினித் திரைக்கும் இடம்பெயர்ந்தன. தற்போது இந்திய அரசின் 14446 என்னும் கட்டணமற்ற எண்ணை அழைத்தும் மீட்பு உதவிக்கு வழி கேட்கலாம். குழுக்களின் பட்டியல்களும் கைப்பேசியில் கிடைக்கின்றன. முதன்முறையாகத் தேடுபவர் குருவையோ மருத்துவரையோ மனைவியையோ இடைநிறுத்தாமல் கூட்டத்தை எட்ட முடிந்தது. திரை, நுழைபவரிடம் பெயர் கேட்கும். முதலெழுத்தை மட்டும் இட்டு, ஒளிப்படக் கருவியையும் ஒலிவாங்கியையும் அணைத்துவிட்டு, வேறொரு நகரத்து மனிதர் தம் கதையைத் தமிழில் சொல்வதைத் தம் வீட்டு மூலையில் அமர்ந்து அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். வாயில்வரை உடன்வந்து, அடுத்த வாரமும் அழைத்துச் செல்ல மீண்டும் வருபவர் அத்திரையில் இல்லை.